எம்.பி. எழுத்துமூலம் கேட்கும் கேள்வியால் அரசுக்கு என்ன நெருக்கடி?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தொகுதி எம்.பி. மக்களவையில் 300 கேள்விகள் கேட்டதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் முக்கால்வாசி எழுத்துமூலம் பதில் வாங்கியவை. அவர் அவையில் எழுந்து நின்று கேட்டவை மிகக் கொஞ்சம். அதிலும் நீங்கள் ஆவலோடு திறந்த ஒரு பதிலில், அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று அமைச்சர் ஒரே வரியில் முடித்திருக்கிறார். இது வெறும் சம்பிரதாயம்தானே என்று கேட்கிறீர்கள். எண்ணிக்கை உங்கள் கவலை இல்லை என்று புரிகிறது. பதில் சொல்ல விருப்பமில்லாத அரசை ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் டெல்லியில் ஒன்பது வருடம் எம்.பி.க்களுக்கு உதவியாளராக இருந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தவன். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு பேர். மாநிலச் சட்டமன்றங்களில் நான் வேலை பார்த்ததில்லை. ஆகவே இங்கே சொல்வது நாடாளுமன்றத்துக்கு மட்டும் பொருந்தும்.

முதலில் நடைமுறை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வரும். அவற்றுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் கேட்கலாம். கேள்வி நேரம் எனப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் அவற்றில் நாலைந்துதான் முடியும். நட்சத்திரம் இல்லாதவை 230. அவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில். மாநிலங்களவையில் இந்தக் கணக்கு 15, 160. பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். குவிகிற நோட்டீஸ்களில் எது பட்டியலுக்குப் போகும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். மக்களவையில் ஒருவர் பெயரில் ஒரு நாள் பட்டியலில் ஐந்துக்கு மேல் வராது, அதில் ஒன்றுதான் நட்சத்திரக் கேள்வியாக இருக்கலாம். எனவே உங்கள் எம்.பி.யின் கேள்விகளில் பெரும்பாலானவை எழுத்துமூலம் இருப்பதை அவருடைய சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்பாடே அப்படித்தான்.

அமைச்சகத்துக்குள் அந்தக் கேள்வி என்ன செய்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே அதற்குப் பெயர் ‘பி.க்யூ.’, பார்லிமென்ட் கொஸ்டின் என்பதன் சுருக்கம். சாதாரணக் கோப்பு மாதக்கணக்கில் தூங்கலாம், பி.க்யூ. கோப்பு தூங்க முடியாது, அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. பிரிவு அதிகாரி வரைவு எழுதுவார். இணைச் செயலாளர் வரை போய்த் திருத்தி, அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும். கள அலுவலகங்களுக்கு ‘பார்லிமென்ட் கேள்வி, மிக அவசரம்’ என்று மின்னஞ்சல் பறக்கும். நாலு வருடமாக யாரும் கூட்டிப் பார்க்காத ஒரு கணக்கை ஒரு கேள்விக்காக ராத்திரி உட்கார்ந்து கூட்டுவார்கள். அப்படிக் கூட்டும்போதுதான் நிலைமை இவ்வளவு மோசம் என்று மேலதிகாரிக்கே தெரிய வந்ததாக ஒன்றிரண்டு அதிகாரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எழுத்துக் கேள்வியின் முதல் பலன் பதில் வருவதற்கு முன்பே இப்படிக் கிடைத்துவிடுகிறது.

ஆனால் எல்லாம் கேள்வியை எழுதும் விதத்தில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணவர் உதவித்தொகை பற்றி நான் எழுதிய கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. ‘உதவித்தொகை ஏன் தாமதமாகிறது, இந்த அலட்சியத்துக்கு யார் பொறுப்பு’ என்று எழுதியிருந்தேன். நிராகரித்துவிட்டார்கள். மக்களவை விதி 41-இன்படி கேள்வியில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, குற்றச்சாட்டும் அடைமொழியும் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது, 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அடுத்த முறை எல்லோரும் எழுதும் அச்சில் எழுதினேன்: (அ) உதவித்தொகை வழங்குவதில் தாமதம் ஏற்படுவது உண்மையா? (ஆ) ஆம் எனில் அதன் விவரங்கள்? (இ) காரணங்கள்? (ஈ) அரசு எடுத்த நடவடிக்கைகள்? பதில் வந்தது. ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று நாலையும் ஒன்றாகச் சேர்த்து, திட்டம் எப்போது தொடங்கியது, அதன் உன்னத நோக்கம் என்ன என்று ஒன்றரைப் பக்கம். ஓர் எண்கூட இல்லை. நீங்கள் பதில்களைப் படிக்கும்போது இந்த ‘(அ) முதல் (ஈ) வரை’யைக் கவனியுங்கள். தனித்தனியாகக் கேட்டதை ஒன்றாகச் சேர்த்தால், எந்த உட்பிரிவுக்குப் பதில் இல்லை என்பது சட்டென்று கண்ணில் படாது.

மூன்றாவது தடவை, அதே அறையில் இருபது வருடம் இருந்த ஒரு மூத்த உதவியாளர் என் பேனாவை வாங்கிக்கொண்டார். ‘தம்பி, ஆம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கிற மாதிரி கேட்காதே. அவன் ஒரு அட்டவணை போட்டே ஆகணும், அந்த மாதிரி கேள்’ என்றார். கடந்த மூன்று ஆண்டுகளில், ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக: விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், ஒப்புதல் கிடைத்தவர்கள் எத்தனை பேர், கல்வியாண்டு முடிவதற்குள் பணம் கைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? இந்த முறை இணைப்பாக அட்டவணை வந்தது. முதல் இரண்டு பத்தியும் நிரம்பியிருந்தன. மூன்றாவதற்கு, அந்த விவரம் தனியாகத் தொகுக்கப்படுவதில்லை என்று ஒரு குறிப்பு. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவர் மட்டும் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக மடித்து வைத்தார். மாணவனுக்குப் பணம் எப்போது போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனிக்காமலேயே ஒரு திட்டம் நடக்கிறது என்று அரசே எழுதிக் கொடுத்துவிட்டது, இதைவிட என்ன வேண்டும் என்றார்.

உங்கள் ‘தரவு இல்லை’ பதிலையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். இதற்கு நாடறிந்த உதாரணம் 2020 செப்டம்பர் கூட்டத்தொடர். கொரோனாவைக் காரணம் காட்டி அந்த முறை கேள்வி நேரத்தையே நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கேள்விகள் மட்டும் மிஞ்சின. செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும்போது இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிய கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் அப்படிப்பட்ட தரவு இல்லை என்று பதில் தந்தது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்ற கணக்கு மட்டும் இருந்தது. நடந்தே போனவர்களை நாமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அந்த ஒரு வரி நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அதே வாரம் மாநிலங்களவையில் திரிணாமூல் காங்கிரஸ் எம்.பி. டெரிக் ஓ பிரையன் கேட்ட கேள்விக்கு, அந்தத் தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தவர்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக ரயில்வே அமைச்சர் எழுத்தில் பதில் கொடுத்தார். ஒரு அமைச்சகத்திடம் கணக்கே இல்லை. இன்னொன்றிடம் ரயிலில் இறந்தவர்களின் கணக்காவது இருக்கிறது. இந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது எழுகிற கேள்வியை எந்த மேடைப் பேச்சாலும் எழுப்பியிருக்க முடியாது. சாலையில் இறந்தவர்களை ஏன் யாரும் எண்ணவில்லை என்பதுதான் அது. ஒரே விஷயத்தை இரண்டு அமைச்சகங்களிடம் இரண்டு விதமாகக் கேட்பது எங்கள் வேலையில் பழைய முறை.

அடுத்து, பதிலில் உள்ள சொற்களை எடைபோடப் பழக வேண்டும். 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில், இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணங்கள் பற்றிக் கேட்டார்கள். சுகாதாரம் மாநிலப் பொறுப்பு, மாநிலங்கள்தான் மரணங்களைத் தெரிவிக்கின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று பதில் வந்தது. மக்கள் இதை ‘யாரும் சாகவில்லை என்கிறார்கள்’ என்று படித்துக் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் பதில் அப்படிச் சொல்லவில்லை. எங்களுக்கு யாரும் அப்படித் தெரிவிக்கவில்லை என்றுதான் சொன்னது. ‘குறிப்பாகத் தெரிவிக்கவில்லை’ என்பதில் இருக்கும் ‘குறிப்பாக’ என்ற சொல்லைப் பிடித்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: நீங்கள் குறிப்பாகக் கேட்டீர்களா? உண்மையில் அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் மத்திய அரசு மாநிலங்களிடம் அந்தத் தகவலைக் கேட்டு எழுதியது. ஆகஸ்டில் வந்த பதிலில் ஆந்திராவில் ஒரு மருத்துவமனையில் நடந்த மரணங்கள் இடம்பெற்றன. முழு உண்மை அதோடு வந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். பல மாநிலங்கள் எதுவும் தரவில்லை. ஆனாலும் ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் அரசு ஓர் அடி நகர்ந்தது. நகர்த்தியது அந்த முதல் பதில்மேல் எழுந்த கோபம்.

இன்னொரு சொல் விளையாட்டு என் மனதை எப்போதும் உறுத்துவது. கையால் மலம் அள்ளுவதால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால், அப்படி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று பதில் வரும். 2021 ஜூலையிலும் மாநிலங்களவையில் சமூக நீதி அமைச்சகம் அப்படித்தான் பதில் தந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் எத்தனை என்று கேட்டபோது, 2020 டிசம்பர் வரையிலான ஐந்து ஆண்டுகளில் 340 பேர் என்று அதே அமைச்சகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 43 பேர். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ‘கையால் மலம் அள்ளுதல்’ என்பதையும், சாக்கடை, தொட்டிகளை ‘ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்’ என்பதையும் இரண்டு தனி வரையறைகளாக வைத்திருக்கிறது. கேட்பவர் முதல் சொல்லைப் போட்டால் பதில் பூஜ்யம். இரண்டாவதைப் போட்டால் 340. விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்தவரின் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டம் தெரியாமல் எழுதப்பட்ட கேள்வி, அரசுக்கு ஒரு நல்ல பூஜ்யத்தைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறது. கேள்வி எழுதுகிறவர்கள் முதலில் அந்தச் சட்டத்தின் வரையறைப் பிரிவைப் படிக்க வேண்டும் என்று நான் புதியவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

சரி, பதில் மழுப்பலாக வந்தால் அப்புறம் என்ன? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது போன்ற வாசகங்களை நாம் தட்டிக்கழிப்பு என்று நினைக்கிறோம். நாடாளுமன்ற நடைமுறையில் அது வாக்குறுதி. வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டிய வாசகங்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. வாக்குறுதியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்க்க அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. மக்களவையில் 1953 முதல், மாநிலங்களவையில் 1972 முதல். அது அமைச்சகத்தின் செயலாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கும். மூன்று மாதம் என்பது ஏட்டில்தான். நீட்டிப்புக் கேட்டு வருடக்கணக்கில் இழுப்பதும், கடைசியில் இந்த வாக்குறுதியைக் கைவிட அனுமதி கொடுங்கள் என்று கேட்பதும் நடக்கும். ஆனால் அது வரைக்கும் அந்தக் கோப்பு ‘நிலுவை’ என்று ஒரு பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். அதிகாரிகளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அதனால்தான் இப்போது அனுபவமுள்ள அதிகாரிகள் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதுவதைத் தவிர்த்து, ‘இது ஒரு தொடர் செயல்முறை’ என்று எழுதுகிறார்கள்.

எங்கள் உதவித்தொகைக் கதையிலும் அது நடந்தது. அடுத்த கூட்டத்தொடரில், பணம் சேர்ந்த தேதியைத் தொகுக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா என்று கேட்டோம். பரிசீலனையில் உள்ளது என்று வந்தது, உறுதிமொழியானது. இரண்டு வருடம் கழித்து வேறு ஒரு எம்.பி.க்கு வந்த அட்டவணையில் அந்த மூன்றாவது பத்தி நிரம்பியிருந்தது. எங்களால்தான் நிரம்பியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த நேரத்தில் பணத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் போடும் முறையும் வந்துகொண்டிருந்தது, அதனாலும் இருக்கலாம். எழுத்துக் கேள்வியைப் பற்றிப் பேசும்போது இந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிடக் கூடாது. கேள்வி கேட்கப்பட்டது, பதில் வந்தது, பிறகு மாற்றம் வந்தது என்ற வரிசை உறுதி. ஒன்றால் மற்றொன்று வந்தது என்பது பெரும்பாலும் ஊகம்தான்.

அமைச்சர் தவறான பதில் கொடுத்தால்? வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்துவது உரிமை மீறல். மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115-இன் கீழ் தவறைச் சுட்டிக்காட்டி எழுதலாம். சமீபத்திய பதிலின்மேல் விதி 55-இல் அரை மணி நேர விவாதமும் கேட்கலாம். 2018 டிசம்பரில், கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கப் பயன்பட்ட தேர்தல் பத்திரங்கள் பற்றித் தேர்தல் ஆணையம் அரசிடம் ஏதாவது ஆட்சேபம் தெரிவித்ததா என்று மாநிலங்களவையில் கேட்டபோது, நிதித்துறை இணையமைச்சராக இருந்த பொன். ராதாகிருஷ்ணன் அப்படி எதுவும் வரவில்லை என்று எழுத்தில் பதில் தந்தார். 2017 மே மாதமே ஆணையம் சட்ட அமைச்சகத்துக்குத் தன் ஆட்சேபங்களை எழுதியிருந்தது. பின்னால் ஆவணங்கள் வெளியே வந்தபோது அந்தப் பதில் பெரிய பிரச்சினையானது. வேண்டுமென்றே சொன்னதா, ஒரு அமைச்சகத்தில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாமல் நடந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எழுத்தில் இல்லாமல் இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது.

கேள்வியால் அமைச்சர் பதவியே போனதும் உண்டு. 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கிய விவகாரம் முதலில் தலைகாட்டியது மக்களவைக் கேள்விகளில்தான். பூசிமெழுகிய பதில்கள் வந்தன, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி அதை விவாதமாக எடுத்துப் பேசினார். நீதிபதி சாக்லாவின் விசாரணை வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சி எம்.பி. என்பதை மறக்க வேண்டாம். சொந்த அரசிடம் கடினமான கேள்வி கேட்கும் ஆளுங்கட்சிக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேடையில் பேச முடியாததை எழுத்தில் கேட்க முடிகிறது.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். அவை கூடினால்தான் கேள்வி. 17-ஆவது மக்களவை ஐந்து ஆண்டுகளில் கூடியது 274 நாள். வருடத்துக்கு 55 நாள்கூட இல்லை. அப்புறம், தேசப் பாதுகாப்பு, நீதிமன்ற விசாரணையில் உள்ளது, மாநிலப் பொறுப்பு என்று சொல்லிக் கேள்வியை அனுமதிக்காமல் விட வழிகள் நிறைய. சில சமயம் அவை சரியான காரணங்கள், சில சமயம் வசதியான காரணங்கள். கேள்வியே விலைபோன வெட்கக்கேடும் நடந்தது. பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்கள். இதோடு, எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகவே ஒரே அச்சில் வார்த்து அனுப்பப்படும் கேள்விகளும் ஏராளம். ஆகவே 300 என்ற எண்ணை வைத்து உங்கள் எம்.பி.யைப் பாராட்டவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் கேள்விகள் தேதியோடு வரும். ஒரே விஷயத்தை இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். முந்தைய பதிலின் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஐம்பது அமைச்சகங்களிடம் ஐம்பது தனித்தனிக் கேள்வி என்றால் யாரோ ஓர் உதவியாளர் நிரப்பிய படிவம். பதிலில் ஒரு திட்டத்தின் பெயரோ, ஒரு குழு அறிக்கையோ, ஒரு சுற்றறிக்கையோ இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அப்படி ஓர் ஆவணம் இருக்கிறது என்று அமைச்சரே சொன்ன பிறகு, இல்லை என்று அலுவலகத்தால் சொல்ல முடியாது. அந்த மனு போடும் வழியும் இப்போது சற்றுக் குறுகியிருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அந்தத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவில் ஒரு வாசகம் இருந்தது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தி அதை எடுத்துவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பு. எம்.பி. கேட்கும் கேள்வியின் மதிப்பு அதனாலேயே இன்னும் கூடிவிட்டது என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன அந்த ஒருவரி பதிலின் தேதியையும் கேள்வி எண்ணையும் இங்கே எழுதுங்கள். எந்தச் சொல் அவர்களுக்கு வழிவிட்டது என்று பார்த்துச் சொல்கிறேன். பிறகு அதையே அட்டவணையாகக் கேட்கும் ஒரு கேள்வியை 150 சொல்லுக்குள் எழுதி, அடுத்த கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்டதும் உங்கள் எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தொகுதியிலிருந்து இப்படித் தயாராக வரும் கேள்விகளை நாங்கள் ஆசையோடு எடுத்துக்கொள்வோம். நோட்டீஸுக்கு 15 நாள் வேண்டும் என்பதால் கூட்டம் தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள்.